ஹக்கலைப் பூங்காவிற் கொயினா மரம்

சிறுபோக நெல் அறுவடையாகிக் களஞ்சியம் சேர்ந்த பின்னர், காலபோகத்துக்கு நிலத்தைப் பண்படுத்தத் தொடங்குமுன், கமக்காரருக்குச் சில நாள் ஓய்வு கிடைக்கின்றது. பாடசாலை விடுமுறையும் அதனோடு கூடிவருமாயின், வட்டக்கச்சி முதலிய குடியேற்றங்களிலிருந்து பிள்ளைகளை மலைநாட்டுக்கு அழைத்துச் செல்வோர் உளர். நுவரெலியாவின் ஏரியையும் கடைத்தெருவையும் காட்டியதோடு திரும்பிவிடுதல் போதாது. அங்கிருந்து வெலிமடை வீதியிற் பத்துக் கிலோமீற்றர் சென்றால் ஹக்கலைத் தாவரவியற் பூங்காவை அடையலாம். வன்னிக் கமக்காரர் தம் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டிய மரமொன்று அங்கே உண்டு.

அது கொயினா மரம். தென் அமெரிக்காவின் அந்தீசு மலைச்சாரலே அதன் தாயகம். மலேரியாக் காய்ச்சலுக்கு நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்ட கைப்பு மிக்க கொயினா மருந்து இம்மரத்தின் பட்டையிலிருந்து எடுக்கப்பட்டது. ஹக்கலைத் தோட்டம் மலர்களைக் கண்டு மகிழ்வதற்காகத் தொடங்கப்பட்டதன்று. 1861ஆம் ஆண்டிலே, பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவைற்சு என்பாரின் மேற்பார்வையில், ஏறத்தாழ 5,500 அடி உயரத்திலுள்ள அக்குளிர்ந்த சாரல் கொயினாவுக்கு ஏற்றதா என அறிவதற்காகவே அது அமைக்கப்பட்டது. பூங்காவாக அது உருமாறியது 1884ஆம் ஆண்டளவில் ஆகும்.

வன்னியிற் குளங்கள் தூர்ந்து ஊர்கள் பாழடைந்தமைக்குக் காரணங்கள் பல. அவற்றுட் காய்ச்சல் பெரியதொன்று. நிலமும் நீரும் இருந்தும் அங்கே குடியிருக்க மக்கள் அஞ்சினர். 1934-35இல் இலங்கையிற் பரவிய மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். கொயினா பலரது உயிரைக் காத்தது. ஆயின் நோயைப் பரப்பும் நுளம்பை அதனால் ஒழிக்க முடியவில்லை. 1945ஆம் ஆண்டின் பின் வீடுதோறும் டி.டி.ரி. மருந்து தெளிக்கப்பட்ட பிறகே காய்ச்சல் வெகுவாகத் தணிந்தது. இரணைமடுக் குளத்து நீரை நம்பி 1950களில் வட்டக்கச்சியிற் குடும்பங்கள் காடு வெட்டிக் குடியேற முடிந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும். இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது. இன்றைய பிள்ளைகள் அக்காய்ச்சலின் நடுக்கத்தை அறியார். வீட்டில் முதியோர் இருப்பின், பயணத்துக்கு முன்னர் அவர்கள் வாயால் அக்காலத்துச் செய்திகளைப் பிள்ளைகள் கேட்டுவைத்தல் நன்று. பூங்காப் பணியாளரிடம் விசாரித்து மரத்தின் அருகே நிற்கும்போது அச்செய்திகள் அவர்களுக்குப் பொருள்படும்.

இம்மரத்தின் வரலாற்றிற் காய்கறி செய்வோர் கருதவேண்டிய பகுதியொன்றும் உண்டு. 1869இல் இலங்கையின் கோப்பிப் பயிரிற் கண்ட இலைத்துரு நோய் சில ஆண்டுகளில் தோட்டங்களை அழித்தது. நட்டமடைந்த தோட்டத்துரைமார் கொயினாவுக்கு நல்ல விலை இருப்பதைக் கண்டு, ஒருவரைப் பார்த்து ஒருவர் அதனையே நட்டனர். 1880களின் நடுப்பகுதியில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கோடி இறாத்தல் பட்டை ஏற்றுமதியாயிற்று. சந்தை நிரம்பி விலை சரிந்தது. மேலும், யாவாத் தீவில் ஒல்லாந்தர் வளர்த்த இனத்தின் பட்டையில் மருந்துச்சத்து மிகுதியாயிருந்தது. இலங்கைப் பட்டையைக் கேட்பாரில்லை. மரங்களைத் தறித்துத் தேயிலை நட்டனர். எல்லோரும் ஒரே காலத்திற் பூசணியோ கத்தரியோ செய்து, சந்தையிற் கூலிக்கும் காணாத விலைக்கு விற்றவர்களுக்கு இக்கதை புதிதன்று.

வழியிலே கரட், லீக்ஸ், கோவாத் தோட்டங்களைக் காணும் பிள்ளைகள், அவை நம்மூரில் ஏன் இவ்வாறு விளைவதில்லை என்று வினவுவர். ஆயிரம் அடி ஏறுந்தோறும் ஏறத்தாழ இரண்டு பாகை செல்சியசு வெப்பம் குறைகின்றது. அதன்படி ஹக்கலை வட்டக்கச்சியிலும் பதினொரு பாகை அளவு குளிர்ந்தது. மண்ணைக் காட்டிலும் இவ்வேறுபாடே பெரிது. ஆகவே கம்பளிச் சட்டையின்றிப் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாகாது. மழையும் மூடுபனியும் எதிர்பாராது வரும்.

உரோசா மலர்கள் சித்திரை முதல் ஆவணி வரை சிறந்து பூக்கும். எனினும் பிள்ளைகள் வியப்பது மரப்பன்னங்களையே. வயல் வரம்புகளிற் காணும் சிறு பன்னத்தின் இனமே அங்கே கமுகுபோல் உயர்ந்து நிற்கின்றது. அதற்குப் பூவுமில்லை, விதையுமில்லை. இலையின் அடிப்புறத்துப் புள்ளிகளிலுள்ள தூளே இனத்தைப் பெருக்குவது. ஓர் இலையைப் பறியாது மெல்லத் திருப்பிக் காட்டலாம். உணவுப்பொதியைக் குரங்குகள் பறிக்காமற் காத்துக்கொள்வது எவ்வாறென்று வன்னியாருக்குச் சொல்லவேண்டியதில்லை.

திரும்பும்போது வழிக்கடைகளில் மண்ணோடு கூடிய பூஞ்செடிகளையும் நாற்றுக்களையும் வாங்கிவரும் வழக்கம் தவறானது. மலைநாட்டு உருளைக்கிழங்கு நிலங்களிற் பற்றீரியா வாடல் நோயும் வட்டப்புழுவும் உண்டு. வாடல் நோய் கத்தரி, தக்காளி, மிளகாய் ஆகியவற்றையும் பற்றும். மண்ணிற் புகுந்தபின் அதனைப் போக்குதல் மிகக் கடினம். சப்பாத்தில் ஒட்டிய மண்ணையும் புறப்படுமுன் கழுவிவிடுக. பிள்ளை ஒரு செடிக்கு ஆசைப்பட்டால், ஊர் திரும்பியபின் விவசாயப் போதனாசிரியரைக் கேட்டு, வன்னி வெப்பத்துக்கேற்ற நோயற்ற கன்றொன்றைப் பெற்றுக் கொடுக்கலாம்.