சொறியும் நாய், நக்கும் பூனை

"டாக்டர், ராத்திரி பூரா சொறிஞ்சிட்டே இருக்கு. ஒரு ஊசி போட்டு விடுங்க." கால்நடை மருத்துவமனைகளில் தினமும் கேட்கிற வேண்டுகோள் இது. ஊசி போட்டால் அரிப்பு அடங்குகிறது. நாயும் தூங்குகிறது, வீட்டாரும் தூங்குகிறார்கள். சில வாரம் கழித்து அதே நாய் அதே சொறிதலோடு திரும்பி வருகிறது. அந்த ஊசி பெரும்பாலும் ஸ்டீராய்டு. அரிப்பை அது அடக்கும், அரிப்பின் காரணத்தைத் தொடாது. சில காரணங்களை வளர்த்தும் விடும்.

காய்ச்சலைப் போலவே அரிப்பும் ஓர் அறிகுறிதான். அதன் பின்னால் பூச்சி இருக்கலாம், கிருமி இருக்கலாம், பூஞ்சை இருக்கலாம், சாப்பாடு இருக்கலாம், காற்றில் மிதக்கும் தூசி இருக்கலாம். வரிசையாகத் தேடினால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். டீ ஆறுவதற்குள் அந்த வரிசையைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில், எங்கே சொறிகிறது என்று பாருங்கள். வாலடி, இடுப்பு, பின்தொடை என்றால் தெள்ளுப்பூச்சி மீது சந்தேகம். காது மடலின் ஓரம், முழங்கை, பின்னங்கால் மூட்டு, வயிறு என்றால் சொறிப்பூச்சி. முன்பாதங்களை ஓயாமல் நக்குகிறது, காதின் உட்புறமும் அக்குளும் சிவந்திருக்கின்றன என்றால் ஒவ்வாமை. அரிப்பே இல்லாமல் இரண்டு பக்கமும் ஒரே அளவாக முடி கொட்டினால் தைராய்டு போன்ற ஹார்மோன் கோளாறாக இருக்கலாம். இதை வைத்து முடிவு கட்டிவிட முடியாது. எங்கிருந்து தேடத் தொடங்குவது என்பது மட்டும் தெரியும்.

தேடலில் முதலிடம் தெள்ளுக்கு. "எங்க நாய் மேல ஒரு தெள்ளு கூட இல்லையே" என்பார்கள். தெள்ளின் எச்சிலுக்கு ஒவ்வாமை உள்ள நாய்க்கு நூறு தெள்ளு வேண்டாம், சில கடிகளே போதும். கடித்த தெள்ளை அதுவே நக்கி விழுங்கிவிடும். பூனை இதில் இன்னும் கெட்டி. அதனால் தெள்ளைத் தேடாமல் அதன் எச்சத்தைத் தேடுங்கள். பேன் சீப்பால் வாலடியில் வாரி, விழும் கரும்பொடியை ஈரமான வெள்ளைக் காகிதத்தில் தட்டுங்கள். பொடியைச் சுற்றிச் செம்பழுப்பாகக் கசிந்தால் அது தெள்ளு குடித்துக் கழித்த இரத்தம். வெறும் மண் அப்படிக் கசியாது.

ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40, 50 முட்டைகள் வரை இடும். அவை ரோமத்தில் ஒட்டாமல் பாயிலும் சோபாவிலும் தரை இடுக்கிலும் உதிர்ந்துவிடும். கண்ணுக்குத் தெரியும் தெள்ளு மொத்தக் கூட்டத்தில் ஏறத்தாழ 5 சதவீதம்தான். மீதி 95 சதவீதமும் முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாக வீட்டுக்குள் கிடக்கிறது. கூட்டுக்குள் இருப்பவை மாதக்கணக்கில் காத்திருக்கும். ஒரு முறை குளிப்பாட்டினால் தெள்ளு ஒழியாததற்கு இதுதான் காரணம். வீட்டிலுள்ள எல்லா நாய் பூனைகளுக்கும் ஒரே நேரத்தில் மருந்து தர வேண்டும், குறைந்தது 3 மாதம் விடாமல் தர வேண்டும், படுக்கைத் துணிகளைச் சுடுநீரில் அலச வேண்டும்.

அடுத்து, கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகள். தோலை மெல்லச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். இதில் இரண்டு வகைகளைப் பிரித்தறிய வேண்டும். சார்கோப்டிஸ் என்ற சொறிப்பூச்சி தோலைக் குடைந்து வாழும். அரிப்பு கடுமையாக இருக்கும். நாயைத் தூக்கி வைத்திருப்பவரின் கையிலும் வயிற்றிலும் சிவப்புப் பொரிகள் வரும். சுரண்டிப் பார்த்தும் பல நேரம் கையில் சிக்காது. அதனால் அறிகுறிகள் பொருந்தினால் மருத்துவர் மருந்தைக் கொடுத்தே பார்ப்பார்.

டெமோடெக்ஸ் வேறு வகை. அது தாயிடமிருந்து குட்டிக்குப் பிறந்த சில நாட்களிலேயே வந்து மயிர்க்கால்களில் தங்கிவிடும். பெரும்பாலான நாய்களில் தொல்லை தராமல் அங்கேயே இருக்கும். எதிர்ப்பாற்றல் குறையும்போது பெருகும், முடி வட்ட வட்டமாகக் கொட்டும், தொடக்கத்தில் அரிப்பே இருக்காது. இந்த நாய்க்கு ஸ்டீராய்டு போட்டால் இருக்கிற கொஞ்ச எதிர்ப்பும் போய்விடும், உடம்பெல்லாம் புண்ணாகும். காரணம் பார்க்காமல் ஊசி கேட்கக் கூடாது என்பது இதனால்தான். இப்போது இரண்டு வகைக்குமே நல்ல மாத்திரைகள் உள்ளன. தெருநாய்க்குச் சொறி என்றதும் கழிவு எஞ்சின் ஆயிலையும் மண்ணெண்ணெயையும் பூசுகிறவர்கள் இரக்கத்தோடுதான் செய்கிறார்கள். ஆனால் அது தோலை எரிக்கும், நக்கும்போது வயிற்றுக்குள் போய் நஞ்சாகும். தயவுசெய்து நிறுத்துங்கள்.

மூன்றாவது, மேலே தொற்றிக்கொள்ளும் கிருமிகள். சொறிந்து காயமான தோலில் பாக்டீரியாவும், மலசீசியா என்ற ஈஸ்ட்டும் குடியேறும். சீழ்க்கொப்புளம், பொருக்கு, ஊறிப்போன துணி வாடை, பிசுபிசுத்துத் தடித்துக் கறுத்த தோல் எல்லாம் இவற்றின் வேலை. ஒட்டும் நாடாவைத் தோலில் ஒட்டி எடுத்துச் சாயமிட்டுப் பார்த்தாலே இவை தெரியும். நமது கடற்கரை ஊர்களின் ஈரப்பதம் இவற்றுக்கு ஏற்ற சூழல். குளோர்ஹெக்ஸிடின் கலந்த ஷாம்பூ நன்றாக உதவும், ஆனால் நுரையை 10 நிமிடம் ஊறவிட்டுத்தான் அலச வேண்டும். பலரும் உடனே அலசிவிட்டு மருந்து கேட்கவில்லை என்கிறார்கள். நாயின் மேல்தோல் நம்முடையதைவிட மெல்லியது, அமிலத்தன்மையும் வேறு. நாம் போடும் சோப்பு அதற்கு ஒத்துக்கொள்ளாது.

படர்தாமரையையும் இங்கேயே பார்த்துவிட வேண்டும். பூனைக்குட்டிகளிடமும் பெர்சியன் போன்ற நீள்முடிப் பூனைகளிடமும் அதிகம். மனிதருக்கும் ஒட்டும். வீட்டுக் குழந்தையின் கையில் வட்டமாகத் தடிப்பு இருந்தால் அதை மறக்காமல் கால்நடை மருத்துவரிடமும் சொல்லுங்கள். நாம் மருந்துக்கடையில் வாங்கும் கலவைக் களிம்புகளில் ஸ்டீராய்டு இருக்கும். அவை பூஞ்சையை மறைத்துப் பரவவிடும்.

இவ்வளவும் இல்லை என்றான பிறகுதான் ஒவ்வாமையைப் பற்றிப் பேச வேண்டும். அதிலும் முதலில் சாப்பாடு. இதற்கு நம்பகமான சோதனை ஒன்றுதான்: இதுவரை சாப்பிடாத ஒரே புரதத்தை, அல்லது புரதத்தைச் சிறு துண்டுகளாக உடைத்துத் தயாரித்த மருத்துவ உணவை, 8 வாரம் அதை மட்டுமே கொடுத்துப் பார்ப்பது. இரத்தத்திலும் முடியிலும் உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிப்பதாக விற்கப்படும் சோதனைகளை நம்பிக் காசைக் கரைக்க வேண்டாம். நாய்களில் மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை ஆகியவை அடிக்கடி பிடிபடுபவை. பூனைகளில் மாட்டிறைச்சி, மீன், கோழி. நம் வீடுகளில் இந்தச் சோதனை தோற்பது பாசத்தால். தாத்தா போடும் பால் பிஸ்கட்டும், பாட்டி ஊட்டும் தயிர்சோறும், கறிச்சுவை சேர்த்த மாத்திரையும் 8 வார உழைப்பைக் கெடுத்துவிடும். வீட்டிலுள்ள அனைவரும் கூடிப் பேசி ஒப்புக்கொண்ட பிறகே தொடங்குங்கள். அரிப்பு குறைந்தால் பழைய உணவை மறுபடி கொடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் அரிப்பு திரும்பினால்தான் குற்றவாளி உணவு என்பது உறுதி. பலரும் இந்தக் கடைசிப் படியைச் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள்.

உணவும் இல்லை என்றால் மிஞ்சுவது அடோபி. வீட்டுத் தூசியில் வாழும் சிற்றுயிர்கள், மகரந்தம், பூஞ்சை வித்து போன்றவற்றுக்கு உடல் காட்டும் மிகை எதிர்ப்பு இது. பெரும்பாலும் 6 மாதம் முதல் 3 வயதுக்குள் தொடங்கும், வம்சத்தில் வரும். லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், பக் போன்ற இனங்களில் அதிகம். இதை உறுதிசெய்ய ஒற்றைச் சோதனை கிடையாது. மற்றவற்றை விலக்கித்தான் வர வேண்டும். ஒவ்வாமை இரத்தப் பரிசோதனை, எந்தப் பொருளுக்கு எதிராகத் தடுப்பூசி தயாரிப்பது என்று தேர்ந்தெடுக்கத்தான் பயன்படும். அந்தச் சிகிச்சை பலன் காட்ட ஓராண்டு வரை ஆகலாம்.

அடோபி ஆயுள் முழுக்க இருக்கும், ஆனால் கட்டுக்குள் வைக்கலாம். ஓக்லாசிடினிப் மாத்திரை அரிப்புச் சமிக்ஞையைத் தடுக்கும், ஒரு வயதுக்குக் குறைந்த நாய்க்குத் தரக் கூடாது. லோக்கிவெட்மேப் ஊசி ஒரு முறை போட்டால் ஒரு மாதம் போல உதவும், நாய்க்கு மட்டும்தான். ஸ்டீராய்டும் நல்ல மருந்துதான், குறுகிய காலத்துக்கு, காரணம் தெரிந்த பிறகு. ஒன்றை நினைவில் வையுங்கள்: அரிப்பு ஒரு கூட்டல் கணக்கு. லேசான அடோபியை நாய் தாங்கிக்கொள்ளும். அதன் மேல் நான்கு தெள்ளும் கொஞ்சம் ஈஸ்ட்டும் சேர்ந்தால் தாங்காது. ஆகவே அடோபி உள்ள நாய்க்குத் தெள்ளு மருந்தை ஒரு மாதமும் தவறவிடக் கூடாது.

பூனையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பூனை சொறிவதைவிட நக்குவது அதிகம், அதுவும் மறைவில். வயிற்றிலும் தொடையிலும் முடி கொட்டிவிட்டது என்று கொண்டு வருவார்கள். முடியை நுண்ணோக்கியில் பார்த்தால் நுனி ஒடிந்திருக்கும். தானாகக் கொட்டவில்லை, அரிப்பு தாங்காமல் நக்கி ஒடித்திருக்கிறது. முதுகை வருடும்போது கடுகு போலப் பொருக்குகள் தட்டுப்பட்டாலும் அது அரிப்பின் அடையாளமே.

பூனையிடம் மருந்து விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். நாய்க்குப் போடும் பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்குப் போட்டால் நடுக்கமும் வலிப்பும் வந்து செத்துப்போகலாம். அதை முறித்து வெளியேற்றும் வேதியியல் வழி பூனையின் கல்லீரலில் மிகப் பலவீனமானது. இதே காரணத்தால் பாராசிட்டமால், டெட்டால், தேயிலை மர எண்ணெய் எல்லாமே அதற்கு நஞ்சு. பெர்மெத்ரினைத் தவறிப் போட்டுவிட்டால் வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது எந்த வயதில் தொடங்கியது, ஆண்டு முழுக்க இருக்கிறதா, அரிப்பு முதலில் வந்ததா புண் முதலில் வந்ததா, என்ன சாப்பிடுகிறது, வீட்டில் வேறு யாருக்கு அரிக்கிறது என்று எழுதிக்கொண்டு போங்கள். அடுத்த முறை, "ஊசி போடுங்க" என்பதற்கு முன்னால், "தோலைச் சுரண்டிப் பார்த்துச் சொல்லுங்க டாக்டர்" என்று கேளுங்கள்.