இரண்டு சிலிண்டருக்கு ஒரு மேக்னெட்டோ

கோவையில் ஓர் உணவகத்தில் பரிமாறுபவராக வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ஜி.டி. நாயுடு வாங்கிய முதல் வாகனம், 1912ஆம் ஆண்டின் ரட்ஜ் மோட்டார் சைக்கிள். விலை ரூ.300. வாங்கிய கையோடு அதைப் பிரித்துப் போட்டு மீண்டும் பூட்டியே அவர் எந்திரவியலைக் கற்றார் என்பர். அக்கால வண்டிகளின் பொறிக்குப் பேட்டரி தேவைப்படவில்லை. எஞ்சினே சுழற்றும் மேக்னெட்டோ அந்த வேலையைச் செய்தது. காந்தத்தின் நடுவே கம்பிச்சுருள் சுழலும். உரிய கணத்தில் பாயிண்ட் திறக்கும். ஸ்பார்க் பிளக்கில் பொறி பாயும். ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தில் கோட்லோப் ஹோனால்ட் 1902இல் உருவாக்கிய உயரழுத்த மேக்னெட்டோதான் இவற்றுக்கெல்லாம் முன்னோடி.

ரட்ஜுக்கு ஒரே சிலிண்டர். ஆகையால் கணக்கு எளிது. இரண்டு சிலிண்டர்கள் 'வி' வடிவில் நிற்கும் வண்டிகளில்தான் சிக்கல். ஜே.ஏ.பி. எஞ்சின்களிலும் போருக்குப் பிந்தைய வின்சென்ட்டிலும் சிலிண்டர்களுக்கு இடைப்பட்ட கோணம் 50 பாகை; ஹார்லியில் 45; பழைய இந்தியன் வண்டிகளில் 42. இரு பிஸ்டன்களும் ஒரே கிராங்க் முனையில் தொங்குவதால் பொறிகள் சம இடைவெளியில் வருவதில்லை. 50 பாகை எஞ்சினில் ஒரு பொறிக்கும் அடுத்ததற்கும் இடையே கிராங்க் 410 பாகை சுற்றும். அதற்கடுத்த பொறி 310 பாகையிலேயே வந்துவிடும். மேக்னெட்டோ கிராங்கின் பாதி வேகத்தில் சுழல்வது. எனவே அதன் கேம் வளையத்தில் இரு மேடுகளுக்கு இடையே ஒரு பக்கம் 205 பாகையும் மறுபக்கம் 155 பாகையும் இருத்தல் வேண்டும்.

பழைய வி-ட்வின் வாங்குவோர் ஏமாறும் இடம் இதுவே. மூல மேக்னெட்டோ தொலைந்திருக்கும். விற்பவர் வேறொரு இரட்டைச் சிலிண்டர் வண்டியின் மேக்னெட்டோவைப் பூட்டிக் கொடுத்திருப்பார். அதன் மேடுகள் 180 பாகையில் நேரெதிராக நின்றால், ஒரு சிலிண்டர் சரியாக எரியும்போது மற்றது கிராங்கில் 50 பாகை பிசகி எரியும். கிக்கர் திருப்பி உதைக்கும், பிஸ்டனுக்கும் கேடு. 45 பாகை வளையத்தை 50 பாகை எஞ்சினில் போட்டால் பிசகு 5 பாகை மட்டுமே. வண்டி ஓடும், ஆனால் ஒரு சிலிண்டர் எப்போதும் சூடாகவே இருக்கும்.

வளையத்தை மட்டும் மாற்றினால் போதுமா? போதாது. சுருளில் மின்னழுத்தம் உச்சம் பெறுவது சுற்றுக்கு இரண்டு முறை, 180 பாகைக்கு ஒருமுறை. சமமற்ற பொறிகள் இரண்டும் வலுவாக வரவேண்டுமானால் காந்த முனைகளின் விளிம்புகளும் அதற்கேற்ப வெட்டப்பட்டிருக்க வேண்டும். சுழலும் திசையும் பொருந்தவேண்டும். பழைய குதிரைலாட காந்தங்களாயின் சுருளை வெளியே எடுத்தவுடன் முனைகளுக்குக் குறுக்கே இரும்புத் துண்டு ஒன்றை வைப்பது அவசியம். இல்லையேல் காந்தம் வலுவிழக்கும்.

பொருத்துவதற்காக எஞ்சின் உறையைத் துளையிடுவோர் உண்டு. நாம் அதை ஏற்கவில்லை. 2021 ஜூலையில் மைய அரசு வெளியிட்ட விதிகளின்படி, முதல் பதிவுக்குப்பின் 50 ஆண்டு கடந்து, சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றமின்றி மூல வடிவில் உள்ள வண்டியே 'விண்டேஜ்' எனப் பதிவு பெறும். கட்டணம் புதிய பதிவுக்கு ரூ.20,000, மறுபதிவுக்கு ரூ.5,000. மாற்றம் எதுவாயினும் கழற்றக்கூடிய தாங்குதகட்டிலும் கேம் வளையத்திலும் இருப்பதே நல்லது. பழைய ஆர்.சி. புத்தகம் இல்லாத வண்டிக்குச் சேமிப்பைக் கொடுத்துவிட்டுப் பின்னர் அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டாம்.

இனி டைமிங். முதலில் பாயிண்ட் இடைவெளி. லூகாஸ் மேக்னெட்டோவில் அது 0.3 மில்லிமீட்டர். இதைப் பின்னால் சரிசெய்தால் டைமிங்கும் நகர்ந்துவிடும். பாகைத்தகட்டைக் கிராங்கில் பூட்டி, பிஸ்டனின் உச்சநிலையைக் கண்டு, அது அமுக்க வீச்சுதானா என்று உறுதி செய்தபின், எஞ்சினைப் பின்னுக்குச் சுழற்றி மீண்டும் முன்னோக்கிக் கொண்டுவந்து, கையேடு சொல்லும் பாகையில் நிறுத்த வேண்டும். நெம்புகோல் முழு முன்நிலையில் இருக்கட்டும். பாயிண்ட்டுகளுக்கிடையே ஒரு சிகரெட் தாள். மெல்ல இழுத்தால் அது வழுக்கி வரும் கணமே பொறியின் கணம். புகைக்காத மெக்கானிக்கின் பெட்டியிலும் சிகரெட் தாள் இருப்பதன் காரணம் இதுதான். பல மேக்னெட்டோக்களின் தண்டு கூம்பு வடிவினது. பற்சக்கரத்தைப் பிடிக்கச் சாவி கிடையாது. ஆகவே நட்டை இறுக்கியபின் மறுபடியும் சோதிக்க வேண்டும். பின்னர் இரண்டாம் சிலிண்டர். பலர் இதைச் சோதிப்பதில்லை. சோதித்தால்தான் கேம் வளையத்தின் குணம் தெரியும்.

இவ்வளவு சரிபார்த்த வண்டிக்கும் பாலக்காட்டிலிருந்து மூணாறு செல்லும் பாதை கடுமையான தேர்வு. கோடையில் 40 பாகை செல்சியஸைத் தொடும் பாலக்காட்டுச் சமவெளியில் கிளம்பி, பொள்ளாச்சி, உடுமலை, சின்னார், மறையூர் வழியே சுமார் 1,500 மீட்டர் உயரத்துப் பனிமூட்டத்துக்குள் ஒரே நாளில் ஏறுகிறோம். பழைய சுருள்களின் காப்புப்பூச்சு அரக்கு. அது வெப்பத்தில் இளகும். ஈரத்தில் மின்கசிவு வரும். குளிர்ந்த நிலையில் உடனே கிளம்பும் எஞ்சின், சூடேறி நிறுத்தியபின் கிளம்ப மறுத்தால் கண்டென்சரையே முதலில் சந்தேகிக்க வேண்டும். இந்தக் குறை சின்னார் சரணாலயத்தின் நடுவே வெளிப்பட்டால் அருகில் பட்டறை இராது. ஆகவே புறப்படுவதற்கு முந்தைய நாளே அரைமணி நேரம் ஓட்டி, நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து உதைத்துப் பாருங்கள். மறையூருக்கு மேல் ஏற்றத்தில் எஞ்சின் திணறித் தட்டத் தொடங்கினால், கியரைக் குறைப்பதோடு நெம்புகோலைச் சற்றுப் பின்னிழுங்கள். சமதளம் வந்ததும் மறவாமல் முன்னே தள்ளிவிடுங்கள்.