சிவப்புக் கோட்டின் பின்னால்

52இலிருந்து 27ஐக் கழித்து 35 என எழுதிய பிள்ளையின் கொப்பியிலே சிவப்புக் கோடிட்டு அப்பாற் செல்லுதல் எளிது. ஆயின், 2இலிருந்து 7 போகாதெனக் கண்டு, 7இலிருந்து 2ஐக் கழித்துவிட்டது அப்பிள்ளை. கடன் வாங்கும் முறையே அதற்கு விளங்கவில்லை. இதனைத் தவணைப் பரீட்சைப் புள்ளி நமக்குச் சொல்லாது. நாம் கவனியாது விட்டாலோ, பிள்ளை தன்னை மந்தனென்றே நம்பிவிடும்.

மேசையருகே நின்று, "எப்படிச் செய்தாய்?" என்று கேட்டாற் போதும். கேட்டபின் பொறுத்திருத்தலும் வேண்டும். ஆசிரியர் பெரும்பாலும் ஒரு விநாடியளவே பொறுக்கின்றனர் என்றும், மூன்று விநாடி பொறுத்தால் விடைகள் நீளுகின்றன, வாய்திறவாதிருந்த பிள்ளைகளும் பேசுகின்றனர் என்றும் அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிற் காட்டினார். நாற்பது பிள்ளைகளுள்ள வகுப்பில் அதுவும் அரிதே. ஆதலின் ஒரு பாடவேளைக்கு ஐவரிடம் மட்டுமே செல்கின்றோம். எட்டுப் பாடவேளையில் வகுப்பு முழுவதும் முடிந்துவிடுகின்றது.