பிரதிவாதி... பிரதிவாதி... பிரதிவாதி!

காலை பத்தரை. முன்சீப் கோர்ட் ஹாலில் நிற்க இடமில்லை. பெஞ்ச் கிளார்க் கட்டை அவிழ்த்து ஓ.எஸ். (அசல் வழக்கு) எண்ணைப் படிக்கிறார். டவாலி வாசலுக்கு வந்து பெயரைச் சொல்லி மூன்று முறை கூப்பிடுகிறார். தாழ்வாரத்தில் டீ குடித்துக்கொண்டிருப்பவர்கள் யாரும் திரும்பவில்லை. சம்மன் சேர்ந்துவிட்டது, பிரதிவாதி ஆஜராகவில்லை, எக்ஸ்பார்ட்டி. கட்டில் ஒரு வரி ஏறுகிறது. அடுத்த எண்ணைக் கூப்பிட்டாகிவிட்டது. மொத்தமே அரை நிமிஷம். சம்பந்தப்பட்டவர் அந்த நேரம் தன் கடையிலோ வயலிலோ வேலையாக இருப்பார். தனக்கு என்ன நடந்தது என்பது அவருக்குத் தெரியவே சில வருஷங்கள் ஆகலாம்.

கோர்ட் வார்த்தைகளுக்கு எளிய விளக்கம் எழுத வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரைக்கு எனக்குச் சொல்லப்பட்டது. ஜாமீன், முன்ஜாமீன், ஸ்டே, வாய்தா, சாட்சிக்கூண்டு எல்லாவற்றையும் சினிமா நமக்கு நன்றாகவே சொல்லிக் கொடுத்திருக்கிறது. சொத்தையும் சம்பளத்தையும் கல்யாணத்தையும் சத்தமில்லாமல் கொண்டுபோகிற எக்ஸ்பார்ட்டியை எந்தப் படத்திலும் பார்த்த ஞாபகம் இல்லை. ஆளே வராத வழக்கில் காட்சிக்கு என்ன இருக்கிறது? ஆகவே பட்டியலைத் தள்ளிவைத்துவிட்டு இந்த ஒன்றின் பின்னாலேயே போகிறேன்.

முதலில் சம்மன். ‘கையெழுத்துப் போடாதே, வாங்கினால்தானே வழக்கு’ என்று சொல்லித் தர எல்லாத் தெருவிலும் ஒரு பெரியவர் இருக்கிறார். அவர் சொல்வதைக் கேட்டுக் கெட்டவர்கள் ஏராளம். 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், இந்தப் பெரியவரை அன்றே எதிர்பார்த்து எழுதியதுபோல இருக்கும். கோர்ட் ஊழியரான அமீனா கொண்டுவரும் சம்மனை வாங்க மறுத்தால், நகலை வீட்டு வெளிக்கதவில் ஒட்டிவிட்டு, யார் அடையாளம் காட்டினார், யார் முன்னிலையில் ஒட்டப்பட்டது என்று எழுதிக் கோர்ட்டில் கொடுத்துவிடுவார். தபாலில் வந்ததைத் திருப்பி அனுப்பினால், ‘வாங்க மறுத்தார்’ என்று தபால்காரர் உறையில் எழுதும் குறிப்பே போதும். சம்மன் முறையாகச் சேர்ந்துவிட்டது என்று கோர்ட் எடுத்துக்கொள்ளும். ஆள் வீட்டில் இல்லை, சீக்கிரம் வருவதாகவும் தெரியவில்லை என்றால், கூடவே குடியிருக்கும் வயது வந்த குடும்பத்தார் யாரிடமும் கொடுக்கலாம். ஆணா பெண்ணா என்ற வித்தியாசம் இல்லை. வேலைக்காரர்கள் மட்டும் இந்தக் கணக்கில் சேரமாட்டார்கள். வேண்டுமென்றே ஒளிந்துகொள்கிறார் என்று கோர்ட் நம்பினால், கடைசி வழியாகப் பேப்பரில் விளம்பரம். டெண்டர் அறிவிப்புக்கும் காணாமல்போன பத்திரத்துக்கும் நடுவில் பொடி எழுத்தில் வரும் அதை யார் படிக்கிறார்கள்? படித்தாலும் படிக்காவிட்டாலும் வழக்கு நகர்ந்துவிடும்.

சம்மன் கைக்கு வந்த நாளிலிருந்து எதிருரை, அதாவது ரிட்டன் ஸ்டேட்மென்ட் கொடுக்க 30 நாள். காரணம் சொன்னால் கோர்ட் 90 நாள் வரை நீட்டலாம். இது 2002இல் அமலுக்கு வந்த திருத்தம். 90 தாண்டினாலே கதவு மூடிவிட்டது என்று அர்த்தமில்லை, தகுந்த வழக்கில் கோர்ட் அனுமதிக்கலாம் என்று 2005இல் உச்ச நீதிமன்றம் கொஞ்சம் தளர்த்தியது. ஆனால் வணிக வழக்கு என்றால் 120 நாள்தான் எல்லை. அதற்கப்புறம் பேச்சுக்கு இடமில்லை.

எக்ஸ்பார்ட்டியில் இரண்டு கட்டம் இருக்கிறது. இந்த இடத்தில்தான் ஜனங்கள் குழம்புகிறார்கள். ‘செட் எக்ஸ்பார்ட்டி’ என்றால் இவர் இல்லாமலே வழக்கை நடத்தலாம் என்ற உத்தரவு மட்டும்தான். தீர்ப்பு இன்னும் வரவில்லை. இந்தக் கட்டத்தில் வக்கீலோடு போய், வராததற்கு நல்ல காரணம் சொன்னால், செலவுத்தொகை கட்டச் சொல்லியோ சொல்லாமலோ மறுபடி உள்ளே விடுவார்கள். வாதி சாட்சி சொல்லி, ஆவணம் தாக்கல் செய்து, எக்ஸ்பார்ட்டி டிக்ரி, அதாவது தீர்ப்பாணை, ஆகிவிட்டால் கதையே வேறு. அதை ரத்து செய்யத் தனி மனு போட வேண்டும், டிக்ரி தேதியிலிருந்து 30 நாளுக்குள். சம்மனே முறையாக வரவில்லை என்றால், டிக்ரி பற்றித் தெரிந்த நாளிலிருந்து 30. இதில் பலருக்கும் தெரியாத ஒரு சலுகை உண்டு: மேலே சொன்ன பேப்பர் விளம்பரம், இந்தக் கெடுவைக் கணக்கிடும்போது முறையான சம்மனாக எடுத்துக்கொள்ளப்படாது. பேப்பர் பார்க்காதவருக்கு, விஷயம் தெரிந்த நாள்தான் முதல் நாள்.

எதிராளி வரவில்லை என்பதற்காகக் கேட்டதையெல்லாம் தூக்கிக் கொடுத்துவிடவும் கூடாது. எதிருரை இல்லாவிட்டாலும் வாதியின் வழக்கு நிற்குமா என்று பார்த்துத்தான் தீர்ப்பு எழுத வேண்டும் என்று 1999இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நடைமுறையில், குறுக்கு விசாரணை இல்லாத சாட்சியும் மறுப்பு இல்லாத பத்திரமும் எப்படி இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

சம்மனை மறுத்தால் என்ன ஆகும் என்பதற்கு டெல்லியிலிருந்து ஒரு வழக்கு. கணவர் விவாகரத்துக் கேட்டுப் போட்டது. மனைவி சம்மனை வாங்க மறுத்தார். தபாலையும் மறுத்தார். பேப்பரில் விளம்பரம் வந்தது. 1989 நவம்பரில் எக்ஸ்பார்ட்டி விவாகரத்து. கணவர் 1991இல் மறுமணம் செய்துகொண்டு இரண்டு பிள்ளைகளுக்கு அப்பாவும் ஆகிவிட்டார். மனைவி ரத்து கேட்டு மனுப் போட்டது 1993 டிசம்பரில். கீழ்க்கோர்ட் தள்ளியது, உயர் நீதிமன்றம் ஏற்றது, 2011இல் உச்ச நீதிமன்றம் மறுபடி தள்ளியது. வராததற்குப் ‘போதிய காரணம்’ இருந்ததா என்பது ஒன்றுதான் கேள்வி; மறுத்துவிட்டு வரவில்லை என்பது காரணமாகாது. ஒரு தபாலை வாங்க மறுத்ததற்கு 22 வருஷம்.

டிக்ரி கைக்கு வந்தவர் அடுத்துப் போடுவது இ.பி., நிறைவேற்று மனு. பெரும்பாலான எக்ஸ்பார்ட்டி பிரதிவாதிகளுக்கு முதல் தகவல் இங்கேதான் கிடைக்கிறது. பணம் வசூலிக்கும் டிக்ரிக்கு 12 வருஷம் வரை உயிர் உண்டு. ஆகவே மறந்தேபோன கடன் ஒன்று பத்தாவது வருஷம் ஜப்தியாக வாசலில் வந்து நிற்கலாம். அசையாச் சொத்தை ஜப்தி செய்யும்போது, அந்த இடத்திலேயே தமுக்கடித்தோ வழக்கமான வேறு முறையிலோ அறிவிக்க வேண்டும் என்பது இன்றும் சட்டத்தில் இருக்கிறது. சம்பளத்தில் பிடித்தால் முதல் ஆயிரம் ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் உங்களுடையது, மிச்சம் டிக்ரிதாரருக்கு. ஜீவனாம்ச டிக்ரிக்குக் கணக்கு வேறு.

இனி வக்காலத்து, அதாவது வக்கீலுக்கு நாம் கொடுக்கும் அதிகாரப் பத்திரம். ‘வக்கீல் வெச்சாச்சு, அவர் பார்த்துக்குவார்’ என்பதுதான் நம் ஊரில் இரண்டாவது ஆபத்து. 1998இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு சென்னை வழக்கை, வக்காலத்தில் கையெழுத்துப் போடும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். நிலத்தின் மீதான உரிமை வழக்கில் 1991இல் எக்ஸ்பார்ட்டி டிக்ரி. பிரதிவாதி சும்மா இருக்கவில்லை. ரத்து செய்ய மனுவும் போட்டார். அந்த மனு 1993 பிப்ரவரியில், ஆஜராகவில்லை என்று தள்ளுபடி ஆனது. அது அவருக்குச் சொல்லப்படவில்லை. 1995இல் இ.பி. நோட்டீஸ் வந்ததும் வக்கீலிடம் ஓடினார். ஸ்டே இல்லாததால் போட்டிருப்பார்கள் என்று பதில். இன்னொரு வக்காலத்தில் கையெழுத்து, கூடவே 2,000 ரூபாய். அடுத்த மாதம் வாரண்டே வந்தபோதுதான் சந்தேகம் தட்டிப் போய்ப் பார்த்தார். வக்கீல் தொழிலை விட்டுவிட்டு ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டிருந்தார். தாமதம் 883 நாள். கீழ்க்கோர்ட் மன்னித்தது, உயர் நீதிமன்றம் மறுத்தது. உச்ச நீதிமன்றம், எத்தனை நாள் என்பதைவிட என்ன விளக்கம் என்பதே முக்கியம் என்று சொல்லி, 10,000 ரூபாய் செலவுத்தொகையோடு மன்னித்தது. நடுவில் நுகர்வோர் மன்றத்துக்குப் போய் அதே வக்கீலிடமிருந்து 50,000 ரூபாய் இழப்பீட்டுக்கும் உத்தரவு வாங்கியிருந்தார் அந்தக் கட்சிக்காரர். சாமர்த்தியசாலி. எல்லோருக்கும் உச்ச நீதிமன்றம் வரை போகக் கையிருப்பு இருக்குமா?

மற்ற வார்த்தைகளையும் தொட்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் ஆசிரியர் கோபித்துக்கொள்வார். வழக்குக்குள் போடும் கிளை மனு ஐ.ஏ. வழக்கு முடியும்வரை இதைச் செய்யாதே என்று வாங்குவது இடைக்காலத் தடை. அவசரம் என்றால் எதிராளியைக் கேட்காமலே கொடுக்கலாம், கொடுத்தால் 30 நாளுக்குள் அந்த மனுவை முடிக்கக் கோர்ட் முயல வேண்டும். என்னைக் கேட்காமல் அப்படி எதுவும் கொடுத்துவிடாதீர்கள் என்று முன்கூட்டியே போட்டுவைப்பது கேவியட். ஆயுள் 90 நாள். தேதி முடிந்தது தெரியாமல் தைரியமாக இருப்பவர்கள் உண்டு. பிரதிவாதி வந்து வாதி வராவிட்டால் வழக்கு தள்ளுபடி. அதே காரணத்துக்குப் புது வழக்குப் போட முடியாது. 30 நாளில் பழையதைத்தான் உயிர்ப்பிக்க வேண்டும். கிரிமினல் பக்கம் சம்மனுக்குப் போகாவிட்டால் பிடிவாரண்ட். செக் வழக்கிலும் நோட்டீஸை மறுப்பதில் லாபம் இல்லை: சரியான முகவரிக்கு அனுப்பியிருந்தால் சேர்ந்ததாகவே கொள்ளப்படும், பணம் கட்டக் கிடைக்கும் 15 நாளும் வீணாகும். போன் வீடியோவில் தோன்றி ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று மிரட்டினால் மட்டும் பயப்படவே வேண்டாம். அப்படி ஒன்று எந்தச் சட்டத்திலும் கிடையாது.

வாதிகள் தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. எக்ஸ்பார்ட்டி என்ற ஆயுதம் இல்லாவிட்டால், ஓடி ஒளிகிற ஆளை வைத்து எந்த வழக்கும் முடியாது என்பார்கள். சரிதான். ஆனால் எனக்குக் கவலை ஓடி ஒளிபவரைப் பற்றி இல்லை. சம்மன் என்று ஒன்று வந்ததே தெரியாதவரைப் பற்றி.

அவர் யார் என்று கேட்டால், என் மனதில் வருவது கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பெண். அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினை வழக்கு. தங்கை ஐந்தாம் பிரதிவாதி. பிராதில், அதாவது வழக்கு மனுவில், அவருக்குக் கொடுத்திருக்கும் முகவரி பிறந்த வீடு. அவர் குடியிருப்பதோ திருப்பூரில். அமீனா வருகிறார், வீட்டில் யாரோ கையெழுத்துப் போட்டு வாங்கி டிவி மேல் வைக்கிறார்கள். தங்கைக்குப் பங்கு வேண்டாமாம், வாய்ப்பேச்சாகவே விட்டுக்கொடுத்துவிட்டாராம் என்று பிராதில் ஒரு பத்தி. மறுக்க ஆள் இல்லை. பங்கு யாருக்கு எவ்வளவு என்று முதல்நிலை டிக்ரி ஆகிறது. பிறகு இறுதி டிக்ரிக்காக அட்வகேட் கமிஷனர் சங்கிலியோடு வந்து நிலத்தை அளக்கும்போது, பக்கத்து வீட்டு அத்தை போன் செய்து ‘உனக்குத் தெரியாதாடி?’ என்று கேட்பார்.

அந்தப் போன் வந்த தேதியைக் குறித்துவைக்க வேண்டும். 30 நாள் கணக்கு அங்கேதான் ஆரம்பிக்கிறது. அண்ணனோடு சண்டைக்குப் போவதற்குள் இ-கோர்ட்ஸ் செயலியில் பெயரைப் போட்டுத் தேடினால் வழக்கின் தனி அடையாளமான சி.என்.ஆர். எண்ணும், எந்தத் தேதியில் எக்ஸ்பார்ட்டி ஆனது என்பதும் கிடைக்கும். பெண் என்பதால், வருமானம் எவ்வளவு இருந்தாலும் அவருக்கு இலவச சட்ட உதவி உண்டு. 1987ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. 15100க்குப் போன் செய்யலாம், அல்லது கோர்ட் வளாகத்திலேயே இருக்கும் சட்டப் பணிகள் குழுவுக்குப் போகலாம். அதன்பின் நகல் மனு. டிக்ரி நகலோடு நிறுத்தாமல் சம்மனோடு திரும்பி வந்த அமீனா அறிக்கையின் நகலையும் கேட்க வேண்டும். அதில் வாங்கியவர் என்று யார் கையெழுத்து இருக்கிறது, அவர் தங்கையோடு கூடக் குடியிருப்பவரா என்பதைப் பொறுத்துத்தான் வக்கீல் மனுவின் இரண்டாவது பத்தியை எழுதுவார்.