காலன் கோழி

வைட்டிலாவில் பணியின் பொருட்டுக் குடியேறிய நண்பர் ஒருவர் இல்லத்தில் நாம் ஓரிரவு தங்கியிருந்தோம். மேம்பாலமும் மெட்ரோ ரயிலும் வந்துவிட்ட இடந்தான். எனினும் வீட்டின் பின்புறம் முதிய மாமரம் ஒன்று எஞ்சியிருந்தது. நள்ளிரவில் அதிலிருந்து ‘சுகூ... வா...’ என்று நடுக்கத்தோடு இழுபட்ட குரல் ஒன்று எழுந்தது. அயல் தோட்டத்திலிருந்து மற்றொன்று மறுமொழி தந்தது. நண்பரின் அன்னையாரோ நோயுற்றுப் படுத்திருந்தார்.

“காலன் கோழி” என்றனர் அண்டை வீட்டார், காலையில். ‘போவாம்’ என்று அது உயிரை அழைக்கிறதாம். மரத்தை வெட்டிவிடுவதே நலமாம். காலன் என்னும் சொல்லுக்குத் தமிழர்க்கு உரை வேண்டுமோ? நண்பர் அன்றே கோடரிக்கு ஆள் தேடலானார்.

காலன் கோழி என்பது கோழியன்று, பொரிப்புள்ளி ஆந்தை. பெரும்பாலும் நம் நாட்டிற்கே உரியது. அடர்காட்டைவிட மாந்தோப்பு, புளியந்தோப்பு முதலியவற்றையே விரும்புவது. நீளம் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர், காகத்தினும் பெரிது. தலையில் கொம்பு போன்ற இறகுக் கொத்து இராது. முகத்தட்டில் கருமையும் வெண்மையுமான வளையங்கள் ஒன்றனுள் ஒன்றாக அமைந்திருக்கும், தொண்டையில் வெண்பட்டை, மார்பிலும் வயிற்றிலும் மெல்லிய கருங்கோடுகள். ஐயம் எழுந்தால் கண்ணை நோக்குக. நம் ஊர்ச் சிறு புள்ளி ஆந்தைக்கும், நீர்நிலையருகே திரியும் மீன் ஆந்தைக்கும் கண் மஞ்சள், இதற்கோ கரும்பழுப்பு. கூகைக்கும் கண் கருமையே, ஆயின் அதன் வெண்முகம் அரசிலை வடிவினது, வளையங்கள் இல்லை. மலையாளம் பழகிய நேயர்கள், இந்துசூடன் 1958-இல் வெளியிட்ட ‘கேரளத்திலெ பக்ஷிகள்’ என்னும் நூலைத் தேடிப் படிக்கலாம்; பறவை நூல்களில் அத்தகைய இனிய நடை அரிது.

நோயாளி இருக்கும் வீட்டில் மட்டும் இது கூவுவது ஏன் என்று நண்பர் வினவினார். எல்லா வீட்டருகேயும் கூவுகிறது. விழித்திருப்போர் கேட்கின்றனர், அவ்வளவே. நவம்பர் முதல் ஏப்ரல் வரை இனப்பெருக்கக் காலம். ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று அழைத்துக்கொள்வதையே நாம் யமதூதர் மொழியாகக் கொள்கிறோம். முதிய மரத்தின் பொந்தில், பஞ்சோ சருகோ இடாமல், பெரும்பாலும் இரண்டு முட்டை இடும். ஆதலால் அம்மரம் வீழ்ந்தால் அவற்றின் குடியும் வீழும், எலிகள்தாம் மகிழும். ஆந்தைகளைக் கொல்வது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமுமாகும்.

கோடரியுடன் வந்தவரை நண்பர் கூலி கொடுத்துத் திருப்பி அனுப்பினார். அன்னையாரின் கட்டிலை மட்டும் முன்னறைக்கு மாற்றிவிட்டார்.