கண்ட முகமும் கொண்ட முகமும்

ரயில் நிலையச் சீட்டுக் கொடுக்கும் ஜன்னலின் பின்னே அமர்ந்து நாள்தோறும் பல நூறு முகங்களைக் காண்பது நமது உத்தியோகம். மழைக்காலத்தில் ஒருநாள், நீலச் சட்டையும் நரைத்த மீசையுமாய் வந்த பெரியவர் ஒருவர் குடையை மறந்து சென்றார். மறுநாள் அவரைக் கண்டு குடையை நீட்டினோம். "ஐயா, நான் இவ்வூருக்கு வந்ததே இன்றுதான்" என்று அவர் நகைத்தார். நமக்கோ துளியும் ஐயமில்லாதிருந்தது. குடையாதலின் நகைப்போடு போயிற்று, களவு வழக்காயிருப்பின்?

1895ஆம் ஆண்டு லண்டனில் அடால்ப் பெக் என்பாரை ஒரு பெண் தெருவில் கண்டு, தன் நகையை வஞ்சித்தவன் இவனே என்றாள். பின்னர்ப் பெண்கள் பலர் அவ்வாறே கூறினர். 1877இல் தண்டனை பெற்ற ஜான் ஸ்மித் என்பவனே இவன் என்று ஓய்வுபெற்ற காவலர் ஒருவரும் சத்தியம் செய்தார். 1896இல் ஏழாண்டுச் சிறை. ஸ்மித்தைப் பற்றிய சிறைக் குறிப்பில் கண்ட உடல் அடையாளம் பெக்கிடம் இல்லையென்பது 1898இல் தெளிவாகியும் அவரை விட்டாரில்லை. 1901இல் வெளிவந்தவரை 1904இல் மறுபடியும் பெண்கள் அடையாளம் காட்டினர். மறுபடியும் குற்றவாளியென்றே தீர்ப்பு. நற்காலமாக உண்மைக் கள்வன் அவ்வேளை பிடிபட்டான். அரசு 5,000 பவுன் ஈடு தந்தது. 1907இல் அந்நாட்டில் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அமைக்கச் சட்டம் பிறக்க இவ்வழக்கும் ஒரு காரணம். அப்பெண்களில் எவரும் வேண்டுமென்று பொய்யுரைத்ததாகத் தெரியவில்லை. அதுவே நம்மை அஞ்சச் செய்கிறது.

நம் மாநிலத்திலும், 2018இல் கண்ணூர் மாவட்டத்தில், சங்கிலிப் பறிப்பு வழக்கொன்றில் கேமராப் படத்தின் உருவ ஒற்றுமையால் நிரபராதி ஒருவர் 54 நாள் சிறையிலிருந்தார்.

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து எல்லைச் சிற்றூர்களில் வாழும் நமக்கு இதில் தனிக் கவலையுண்டு. இங்கே தமிழரையும் மலையாளிகளையும் முகத்தால் பிரித்தறிவார் யார்? பேச்சால்தான் பிரிப்பர். "தமிழ் பேசினான்" என்ற ஒரு குறிப்பே சாட்சியின் மனத்தில் முகத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளக் கூடும்.

சட்டம் காவல் செய்யாமலில்லை. முன்பின் அறியாத ஒருவரை, முன்னதாக அடையாள அணிவகுப்பு நடத்தாமல், நீதிமன்றத்தில் முதன்முறையாகச் சுட்டிக்காட்டும் சாட்சியம் பயனற்றது என்று உச்சநீதிமன்றம் 1979இல் கண்ணன் என்பார் கேரள அரசுக்கு எதிராகத் தொடுத்த மேல்முறையீட்டில் கூறிற்று. பின்வந்த தீர்ப்புகள் இவ்விதியைச் சற்றுத் தளர்த்தியதும் உண்டு. அணிவகுப்பில் வயதிலும் தோற்றத்திலும் ஒத்த பிறரையும் கலந்து நிறுத்த வேண்டும். காவல் நிலையத்திலோ கைபேசிப் படத்திலோ சாட்சி முன்னரே நம்மைப் பார்த்திருந்தால், அதை மாஜிஸ்திரேட்டிடம் அப்பொழுதே சொல்லிவிட வேண்டும். பிறகு சொன்னால் வலுவிராது. மலையாளம் விளங்காதவர் சாட்சியத்தை மொழிபெயர்த்துக் கூறுமாறு கேட்கலாம். காவலில் உள்ளவர்க்கு வக்கீல் இலவசம். நெய்யாற்றின்கரையில் தாலுகா சட்டப்பணிக் குழுவை அணுகலாம்.

நம்மையே சாட்சியாக அழைத்தாலோ, "நிச்சயமில்லை" என்று சொல்ல நாணவேண்டுவதில்லை.

குடைக்கு உரியவர் நான்காம் நாள் வந்தார். மீசை உண்டு, நரையில்லை. அன்றும் அச்சட்டையே அணிந்திருந்ததாகச் சொன்னார். அது பச்சை.