உயிர்நூல் கற்போர்க்குக் கணிதமும் அதன் மதிப்பீட்டு முறையும்

கணக்கு வராத பிள்ளைகள் உயிர்நூல் படிக்கலாம் என்னும் எண்ணம் நம் பெற்றோரிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிகளில் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் ஆகிய நான்கும் கொண்டு, கணிதமே இல்லாத ஒரு பாடப்பிரிவு இருந்துவருவதும் இவ்வெண்ணத்துக்கு அரண் செய்கிறது. ஆனால் அப்பிள்ளை கல்லூரியில் அடி எடுத்து வைத்த பின்னர், கணிதமோ புள்ளியியலோ எப்படியும் எதிரில் வந்து நிற்கிறது. மருத்துவ ஆய்வுக்கூடத்தில் பணியாற்ற விரும்பியவனும், மருந்தியல் கற்க வந்தவளும் அந்த ஒரு பாடத்தில் தடுக்கி விழுந்து, வேறு துறைக்குத் திரும்பிவிடுகின்றனர். பாலத்துக்கு அப்பால் ஜொகூர்த் தோட்டப் பள்ளியொன்றில் தலைமையாசிரியனாக இருந்துகொண்டு, உட்லண்ட்ஸ் பக்கம் படிக்க வந்த பழைய மாணாக்கரை அவ்வப்போது சந்திக்கும் எனக்கு இது புதிய செய்தியன்று.

இவர்கள் தடுக்கி விழுவதற்குப் பாடத்தின் கடுமை மட்டுமே காரணமா? அன்று என்பதே என் கருத்து. பாடத்தின் முதல் நாளில் ஒரு தாள் வழங்குவார்கள். எத்தனை தேர்வு, எதற்கு எத்தனை விழுக்காடு, தேர்வுக்கு வராவிட்டால் என்ன, எண் எப்போது எழுத்துத் தரமாக மாறும் என்னும் விதிகள் அதில் இருக்கும். மாணவர் பெரும்பாலோர் அதை மடித்துப் பைக்குள் வைத்துவிடுவர். அவ்விதிகள் செய்யும் வேலையையே இங்கு விளக்க முற்படுகிறேன்.

அதற்கு முன், உயிர்நூலுக்குக் கணிதம் எதற்கு என்னும் கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். தோட்டத்து மக்களுக்கு இவ்விடையை எங்கோ தேட வேண்டியதில்லை. நம் முன்னோர் மலாயாவின் தோட்டங்களில் மலேரியாக் காய்ச்சலால் கூட்டங்கூட்டமாக மாண்டனர். அக்காய்ச்சலைக் கொசு பரப்புகிறது என்பதை 1897-இல் செகந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் கண்டறிந்தார். 1902-இல் நோபல் பரிசு பெற்றார். பலர் அறியாத செய்தி, அவர் அத்துடன் நில்லாமல் நோய் பரவும் விதத்தைக் கணக்காக எழுதிப் பார்த்தார் என்பது. கொசுவை முற்றாக ஒழிக்க முடியாதே, பிறகு ஏன் வீண் செலவு என்று அந்நாளில் பலர் வாதாடினர். முற்றாக ஒழிக்க வேண்டியதில்லை, ஓர் எல்லைக்குக் கீழே குறைத்தால் போதும், நோய் தானே மங்கிவிடும் என்று ராஸ் கணக்கிட்டுக் காட்டினார்.

இக்கணக்கு எளிது. ஒரு நோயாளியிடமிருந்து கொசுக்களின் வழியாக இருவர்க்கு நோய் தொற்றுமாயின், ஒருவர் இருவராவர், இருவர் நால்வராவர், பின் எட்டு, பதினாறு என ஏறும். கொசுவின் தொகையைக் குறைத்து, பத்து நோயாளிகளிடமிருந்து எட்டுப் பேருக்கு மட்டுமே தொற்றும்படி செய்துவிட்டால், 100 நோயாளிகள் 80 ஆவர், 80 பேர் 64 ஆவர், 64 பேர் ஏறத்தாழ 51 ஆவர். கொசு இன்னும் பறந்துகொண்டுதான் இருக்கும். நோயோ இறங்குமுகம் காணும். 2020-இல் கோவிட் காலத்தில் செய்தித்தாள்கள் நாள்தோறும் பேசிய தொற்று எண் இதுவேயாகும். 1901-இல் கிள்ளானில் மருத்துவ அலுவலராகப் பொறுப்பேற்ற மால்கம் வாட்சன், அவ்வூரிலும் இன்றைய போர்ட் கிள்ளானாகிய சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் சதுப்பு நீரை வடித்துக் காய்ச்சலைப் பெரிதும் குறைத்தார். பின்னர் தோட்டங்களிலும் அப்பணி தொடர்ந்தது. சமவெளியில் காட்டை அழித்து நீரை வடித்தால் நோய் குறைய, குன்றுப் பகுதியில் காட்டை அழித்தால் வெயில் படும் ஓடைகளில் வேறொரு வகைக் கொசு பெருகி நோய் கூடுவதையும் அவர் கண்டார். எண்ணிப் பார்க்காமல் கண்ணால் மட்டும் பார்த்திருந்தால் அவ்வேறுபாடு புலப்பட்டிராது.

ராசுடன் 1901-இல் மேற்கு ஆப்பிரிக்கா சென்ற மக்கென்டிரிக் என்னும் இளம் மருத்துவர், பிற்காலத்தில் இமயச் சாரலிலுள்ள கசௌலி பாஸ்டர் நிலையத்தின் தலைவரானார். 1927-இல் அவரும் கெர்மாக்கும் வெளியிட்ட கொள்ளைநோய்க் கணிதம், பம்பாயில் 1905-06-இல் நிகழ்ந்த பிளேக் மரணங்களின் எண்களை வைத்துச் சோதிக்கப்பட்டது. கெர்மாக் கண்பார்வை இழந்தவர்; சமன்பாடுகளை மனத்திலேயே நடத்தினார் என்பதை, கரும்பலகை தெரியவில்லை என்று குறைசொல்லும் மாணவர்க்கு நான் அடிக்கடி சொல்வதுண்டு.

ஆக, உயிர்நூலாருக்கு வேண்டிய கணிதம் உண்டு. ஆனால் அது பொறியியல் மாணவருக்குக் கற்பிக்கும் கணிதத்தின் மலிவுப் பதிப்பாக இருத்தலாகாது. அமெரிக்காவில் தேசிய ஆராய்ச்சி மன்றம் 2003-இல் வெளியிட்ட அறிக்கை, உயிரியல் மாணவர்க்குக் கணிதத்தையும் கணினியையும் பாடத்தோடு பாடமாக இணைத்துக் கற்பிக்க வேண்டுமென வற்புறுத்தியது. லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஆலன் கார்ஃபிங்கல் முதலானோர் 2013-இல் உயிரியலாருக்கென்றே ஒரு கணிதப் பாடத்தை வகுத்தனர். அங்கே தொகையீட்டுச் சூத்திரங்களை மனப்பாடம் செய்வதற்கு மாறாக, கடலில் இரைமீனும் அதைத் தின்னும் சுறாவும் ஒன்றையொன்று எவ்வாறு ஏற்றி இறக்குகின்றன என்பதிலிருந்து பாடம் தொடங்குகிறது. பாடம் மாறினால் மதிப்பீடும் மாற வேண்டும். வினா பழைய சூத்திர வினாவாகவே இருந்தால் மாணவர் பழைய வழியிலேயே படிப்பர்.

இனி விதிகளுக்கு வருவோம். ஒரு கற்பனை மாணவியை எடுத்துக்கொள்வோம். வீட்டுப் பயிற்சிக்கு 20 விழுக்காடு, இடைத்தேர்வு இரண்டுக்கும் தலைக்கு 20, இறுதித் தேர்வுக்கு 40 என்பது விதி. அவள் பயிற்சியில் 95, முதல் இடைத்தேர்வில் 45, இரண்டாவதில் 60, இறுதியில் 78 பெறுகிறாள். கூட்டினால் 19, 9, 12, 31.2, மொத்தம் 71.2. இறுதித் தேர்வில் கூடுதலாக எடுத்தால் அது தாழ்ந்த இடைத்தேர்வின் இடத்தைப் பெறும் என்று ஒரே ஒரு வரியை விதித்தாளில் சேர்த்துப் பாருங்கள். 9 என்பது 15.6 ஆகி, மொத்தம் 77.8 ஆகிவிடும். அவள் அறிவில் மாற்றமில்லை, எழுதிய விடையிலும் மாற்றமில்லை. தரம் மட்டும் ஒரு படி ஏறக்கூடும். கணிதம் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கும் கல்வி. இறுதியில் மடக்கையை அறிந்தவள், நடுவில் அதை அறியாதிருந்தாள் என்பதற்காக ஏன் இறுதிவரை தண்டனை பெற வேண்டும்? உயிர்நூலாருக்கான பாடத்தில் அந்த வரி இருந்தே தீர வேண்டும் என்பேன். கணிதத்தை விட்டு இரண்டாண்டு விலகியிருந்து வருவோர் மெதுவாகவே சூடேறுவர்.

தேர்வுக்கு வராதவருக்குச் சுழியம் என்னும் விதியின் வலிமையையும் எண்ணால் அறியலாம். எல்லாவற்றிலும் 70 பெறும் மாணவர் 20 விழுக்காட்டுத் தேர்வு ஒன்றைத் தவறவிட்டால் 56-க்கு இறங்குகிறார். 14 புள்ளியை இழப்பது அறியாமையாலன்று, ஒரு நாள் காய்ச்சலால். இதற்கு மருத்துவச் சான்றிதழ் கேட்பது வழக்கம். இங்குள்ளோர் ‘எம்சி’ என்றால் சிறு குழந்தைக்கும் புரியும். எனினும் எம்சி வாங்கப் பணம் வேண்டும். பொய்யாக வாங்குவோரும் உண்டு. சிறு தேர்வுகள் பலவற்றை வைத்து, அவற்றுள் தாழ்ந்த ஒன்றைக் கணக்கில் விடுவது இவ்விரு தொல்லையையும் ஒருசேரத் தீர்க்கும்.

அடுத்தது பெரிய வழக்கு. தரத்தை நிலையான எல்லை வைத்து வழங்குவதா, பிறரோடு ஒப்பிட்டு வழங்குவதா? 1908-இல் அமெரிக்காவின் மிசௌரியில் மாக்ஸ் மேயர் என்னும் பேராசிரியர், ஆசிரியருக்கு ஆசிரியர் தரம் தாறுமாறாக இருப்பதைக் கண்டு, வகுப்பில் இத்தனை விழுக்காட்டினருக்கே இத்தரம் என வரையறுக்க வேண்டுமென எழுதினார். அவர் நோக்கம் நீதிதான். ஆனால் அம்முறையில் நண்பன் உயர்ந்தால் நான் தாழ்வேன். சிங்கப்பூர்ப் பெற்றோருக்கு இது நன்கு தெரிந்த கதை. தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வில் நெடுங்காலம் வழங்கிய டி-ஸ்கோர், பிள்ளையின் மதிப்பெண்ணை எல்லாப் பிள்ளைகளின் சராசரியோடும் பரவலோடும் ஒப்பிட்டுக் கணித்தது. 2021 முதல் அது நீங்கி, 90-க்கு மேல் முதல் அடைவுநிலை, 85 முதல் 89 வரை இரண்டாம் நிலை என எட்டு நிலைகள் வந்தன. அண்டை வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண் இதில் குறுக்கிடுவதில்லை. மலேசியாவிலும் அதே ஆண்டில் யுபிஎஸ்ஆர் தேர்வு நீக்கப்பட்டது. வகுப்பறை மதிப்பீட்டின் ஆறு நிலைகளை வைத்தே நாங்கள் பிள்ளைகளை அளந்து வருகிறோம்.

உயிர்நூலாரின் கணித வகுப்பில் ஒப்பீட்டு முறை பெருந்தீங்கு செய்யும். தொடக்கக் கல்லூரியில் உயர்கணிதம் பயின்று வந்தவரும், பலதுறைத் தொழிற்கல்லூரியிலிருந்து வந்தவரும் ஒரே வகுப்பில் அமர்கின்றனர். 85 என்ற நிலையில் வந்தவர் 85-இலேயே இருக்க, 30-லிருந்து 75-க்கு உயர்ந்தவர் வரிசையின் அடியில் நின்றுகொண்டிருப்பார். அத்தரம் எதை அளக்கிறது? எங்கிருந்து வந்தார் என்பதை அளக்கிறது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம் 2014-இல் முதல் தவணைத் தரங்களைச் சராசரியில் சேர்க்காமல் விட வழி செய்தது. அங்கே ஏ தரத்துக்கு 5 புள்ளி, ஏ மைனசுக்கு 4.5, பி பிளசுக்கு 4 என ஒவ்வொரு படியும் அரைப் புள்ளி. புதிதாக வந்தவர் தரத்துக்கு அஞ்சிக் கடினமான பாடங்களை ஒதுக்காதிருக்க இது உதவுகிறது. ஒரு குறையும் உண்டு: தேறினால் போதும் என்று கணிதத்தைத் தூங்கவிடுவோர், பிற்பாடு மரபியலில் விழித்துக்கொள்வர்.

உட்லண்ட்ஸிலுள்ள ரிபப்ளிக் பலதுறைத் தொழிற்கல்லூரி வேறொரு வழியைக் கையாண்டது. 2002-இல் நிறுவப்பட்டு, 2006-இல் உட்லண்ட்ஸ் வளாகத்துக்குக் குடிபெயர்ந்த அக்கல்லூரி, தன் தொடக்க ஆண்டுகளில் ஒரு நாளுக்கு ஒரு சிக்கல் என்னும் முறையைப் பின்பற்றியது. ஏறத்தாழ 25 பேர் கொண்ட வகுப்பு, ஐவர் ஐவராகக் குழு சேர்ந்து காலையில் சிக்கலைப் பெற்று, மாலைக்குள் தீர்வை எடுத்துரைக்கும். அவரவர் பங்கு, எடுத்துரைப்பு, குறிப்பேடு முதலியவற்றை நோக்கி அன்றன்றே ஒரு தரம் வழங்கப்படும். தனித்தனியே எழுதும் புரிதல் தேர்வுகளும் இடையிடையே உண்டு. உயிர்மருத்துவம், உயிர்த்தொழில்நுட்பம் பயில்வோருக்கு இதில் ஒரு நன்மை தெளிவு. தோல்வி மூன்று மாதம் மறைந்திருந்து ஒரே நாளில் வெடிப்பதில்லை. முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். ஆயினும் கணிதத்துக்கு இம்முறை முழுதும் பொருந்துமா என்பதில் எனக்கு ஐயமுண்டு. மடக்கை ஒரு நாளில் கைவசப்படும் பொருளன்று. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டியது. குழுவில் ஒருவன் கணக்கைப் போட, மற்ற நால்வர் அழகாகப் பேசிவிடுவதும் நடக்கும். தனித்தேர்வு அங்கே அலங்காரமன்று, அச்சாணி.

விடைத்தாள் திருத்துவதைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். 1913-இல் ஸ்டார்ச், எலியட் என்னும் இரு அமெரிக்கர் ஒரே வடிவியல் விடைத்தாளை நூற்றுக்கு மேற்பட்ட ஆசிரியர்களிடம் அனுப்பினர். 30-க்குக் கீழே வழங்கியவரும் இருந்தனர், 90-க்கு மேல் வழங்கியவரும் இருந்தனர். கணக்கில் சரி, தப்பு இரண்டுதானே என்போர் இதை எண்ணிப் பார்க்க. ஆசிரியர் பயிற்சியில் நான் இதைப் பேசும்போது ஒரு மருந்துக் கணக்கைக் கொடுப்பது வழக்கம். இரத்தத்தில் 80 அலகு மருந்து இருக்கிறது; 6 மணிக்கு ஒருமுறை பாதியாகிறது; 24 மணி கழித்து எவ்வளவு? 40, 20, 10, 5, விடை 5. ஒரு மாணவன், 24-இல் ஆறு நான்கு தரம் எனக் கண்டு, 80-ஐ நான்கால் வகுத்து 20 என்கிறான். இன்னொருத்தி இரண்டின் நான்காம் அடுக்கு 16 எனச் சரியாகக் கண்டு, வகுப்பதற்குப் பதில் பெருக்கி 1280 என்கிறாள். பயிற்சிக்கு வரும் ஆசிரியர் பலர் அவளுக்கே கூட மதிப்பெண் இடுகின்றனர். அடுக்கு முறை தெரிந்திருக்கிறதல்லவா, ஒரு குறிதானே தவறு என்பது அவர்கள் வாதம். கணிதம் முதன்மைப் பாடமாகக் கொண்டவர்க்கு நானும் அவ்வாறே இடுவேன். மருந்து பயில்வோருக்கு அவ்வாறு இட மனம் வருவதில்லை. உடலில் குறைய வேண்டிய மருந்து பதினாறு மடங்கு பெருகியதைக் கண்டும் ஐயுறாதவருக்கு 5-க்கு 1, வகுத்தவனுக்கு 2 என்பது என் அளவு. 1280 என்று எழுதிவிட்டு, நேரமில்லாமையால் பக்கத்தில் ‘இது பொருந்தாது, குறைந்திருக்க வேண்டும்’ என்று ஒரு வரி எழுதியவளுக்கு 4 தருவேன். ஆனால் அவ்வரிக்கு மதிப்பெண் உண்டு என்பதை முதல் நாள் தாளிலேயே எழுதி வைத்திருக்க வேண்டும். திருத்தும் மேசையில் நினைத்துக்கொண்டால் அது மாணவர்க்கு எட்டாது.